மூச்சை விட்டா மனசு ஏன் அடங்குது?

கேள்வி: அக்கா, எங்க புளோக் பக்கத்துல சமூக மன்றத்துல யோகா கிளாஸ் போறேன், கடைசில சவாசனத்துல படுத்தா மனசு லேசாயிடுது, ஆனா ஆபீஸ்ல டென்ஷன் ஆகும்போது அது வரவே மாட்டேங்குதே, ஏன்? - வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: ரொம்ப நல்ல கேள்விம்மா. மூளையிலேருந்து கழுத்து வழியா இதயம், நுரையீரல், வயிறு வரைக்கும் போற வேகஸ் நரம்பு இருக்கே, அதுல பெரும்பாலான இழைங்க உடம்போட நிலைமையத்தான் மூளைக்குச் சொல்லிட்டே இருக்கு, அதனால "சும்மா இரு"ன்னு மனசை அதட்டுறதை விட உடம்பு வழியா போறது சுலபம். மூச்சை இழுக்கும்போது நாடித்துடிப்பு கொஞ்சம் ஏறும், விடும்போது இறங்கும், மணிக்கட்டுல விரல் வெச்சு நிதானமா மூச்சு விட்டுப் பாருங்க, பல பேருக்குத் தெரியும். நிமிஷத்துக்கு சுமார் 6 மூச்சு, விடுறது நீளமா இருக்கட்டும், எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே பண்ணலாம்.

ஆபீஸ்ல வராததுக்குக் காரணம், டென்ஷன் முத்தின பிறகுதான் கவனிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். தாடை இறுகும், தோள் காதுப் பக்கம் ஏறும், அதை அப்பவே பிடிக்கணும். ஆசனம் பண்ணும்போதும் இதையே கவனிச்சுப் பழகுங்க, உடம்பு எவ்ளோ வளையுதுங்கிறது அப்புறம். படபடப்பு அடிக்கடி வந்தா மட்டும் பாலிகிளினிக்ல காட்டிடுங்க.