பூனைக்குப் புத்தியில்லையா?

கேள்வி: டொக்டர், நாங்கள் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். ஒரு நாயும் ஒரு பூனையும் வளர்க்கிறோம். நாய் ஒரே வாரத்தில் கை கொடுக்கப் பழகிவிட்டது. பூனையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டு அப்படியே படுத்திருக்கிறது. பாலைக் கொட்டிவிட்டாலும் நாய் மாதிரி தலை குனியாது, பேசாமல் போய்விடும். புத்தியில்லாத பிராணிக்கு எதற்குச் சோறு, கொழுந்து லொறியில் ஏற்றி அடுத்த டிவிஷனில் விட்டுவிடலாம் என்கிறார் மாமா. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அழுகிறாள். உண்மையில் எதற்குப் புத்தி அதிகம்? பூனையைப் பழக்கவே முடியாதா?

பதில்: பூனையை எங்கும் கொண்டுபோய் விடாதீர்கள், தங்கச்சி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பழகிய காம்பராவையும் கூரையையும் இழந்த பூனை, தெரியாத டிவிஷனில் நாய்களுக்கும் காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பிக்கும் நடுவில் அதிக நாள் தாங்காது. அதோடு, அதற்குப் புத்தி இருக்கிறது என்பதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

காதை மட்டும் திருப்பியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அந்தச் சாட்சி. ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்ற ஆய்வாளர் இதையே சோதித்தார். பூனையின் பெயரைப் போலவே ஒலிக்கும் நான்கு சொற்களை வரிசையாகக் கேட்கவைத்தார். பூனைகள் மெல்ல மெல்லச் சலித்து, கவனிப்பதை விட்டன. ஐந்தாவதாகச் சொந்தப் பெயர் வந்ததும் காதும் தலையும் அசைந்தன. பழக்கமில்லாத ஆள் கூப்பிட்டபோதும் அப்படித்தான். இந்த ஆய்வு 2019இல் வெளியானது. உங்கள் பூனைக்கும் தன் பெயர் தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கூப்பிட்டால் எழுந்து வர வேண்டும் என்பதற்குத்தான் அதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சரி, மாமா சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. சிந்தனைக்கான வேலையைச் செய்யும் மூளையின் மேற்பகுதியில் எத்தனை நரம்புக் கலங்கள் இருக்கின்றன என்று சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் எண்ணிப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். நாய்க்குச் சுமார் 53 கோடி, பூனைக்குச் சுமார் 25 கோடி. பூனையைவிடப் பல மடங்கு பெரிய மூளை கொண்ட கரடிக்கும் பூனையளவுதான் இருந்தது. எண்ணிக்கையில் நாய் முன்னால் நிற்பது உண்மை. ஆனால் அவர்கள் எண்ணியது விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிராணிகளின் மூளைகளைத்தான். கலம் அதிகம் என்றால் மூளைக்குள் இடம் அதிகம் என்று சொல்லலாம். அந்த இடத்தை எந்தப் பிராணி எதற்குப் பயன்படுத்துகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு சோதனை. 2005இல் ஹங்கேரியில் ஆடம் மிக்லோஷியும் அவருடன் வேலை செய்தவர்களும் நாய்களையும் பூனைகளையும் ஒரே மாதிரிச் சோதித்தார்கள். உணவு எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்று மனிதர் கையால் காட்டினால், இரண்டுமே புரிந்துகொண்டு சரியான கிண்ணத்துக்குப் போயின. இதில் பூனை பின்தங்கவில்லை. அப்புறம், எடுக்க முடியாதபடி உணவை வைத்தார்கள். அங்கேதான் வித்தியாசம் தெரிந்தது. நாய் முயன்று பார்த்துவிட்டுத் திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தது. பூனை அவ்வளவாகப் பார்க்கவில்லை. நாயிடம் இருப்பது ஆளைப் படிக்கும் புத்தி. பூனையின் புத்தி இடத்தையும் பொருளையும் படிப்பதிலேயே அதிகம் செலவாகிறது.

காரணம் பழைய கதை. நாய் ஓநாய் வழியில் வந்தது. கூட்டமாக வேட்டையாடும் இனம், பக்கத்திலிருப்பவரின் கண்ணையும் உடம்பையும் கவனித்தால்தான் சாப்பாடு. மனிதருடன் சேர்ந்து 15,000 வருடங்களுக்கு மேலாகிறது. ஆடு மேய்க்கவும் காவலுக்கும் சொல் கேட்கிற நாய்களையே நம் முன்னோர் பெருக்கினார்கள். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொருட்களின் பெயர்களைக் கற்றது. அதற்கு ஒரு பேராசிரியர் மூன்று வருடம், தினம் நான்கைந்து மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். பூனையோ தனியாக வேட்டையாடும் காட்டுப்பூனை வழி. மனிதர் தானியம் சேர்த்துவைத்தார்கள், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. எலி பிடிக்க யார் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. நம் காதுக்கு எட்டாத எலியின் மெல்லிய கீச்சொலிகூடப் பூனைக்குக் கேட்கும். உங்கள் அரிசி மூட்டைக்கு மேலே கூரைத் தகரத்தடியில் அது மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பது சோம்பலால் அல்ல. எலிக்காய்ச்சல் இருக்கிற நாட்டில் அந்த வேலை சின்ன வேலையும் அல்ல.

பால் கொட்டிய விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் நிறைய நாய்கள் அடி வாங்குகின்றன. நாய் தலை குனிவது தப்பை உணர்ந்து அல்ல. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார். சாப்பிடாதே என்று சொன்ன தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்றமுள்ள முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்காரர் திட்டினால் அந்த முகம் வந்தது. ஒரு தப்பும் செய்யாத நாயும் திட்டு வாங்கியபோது அப்படியே குனிந்தது. உங்கள் நாய் உங்கள் கோபத்தைப் படிக்கிறது, அவ்வளவுதான். பூனை கோபத்தைக் கண்டதும் இடத்தைவிட்டுப் போகிறது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழக்க முடியுமா என்றால், முடியும். நாய்க்கு உங்கள் பாராட்டே பாதிக் கூலி. பூனைக்குக் கூலி கையில் வர வேண்டும். நெத்தலிக் கருவாட்டை உப்புப் போகக் கழுவி அவித்து, சின்னச் சின்னத் துண்டாக்கி வையுங்கள். மாலைச் சாப்பாட்டுக்கு முன், பசியோடு இருக்கும்போது, இரண்டடி தூரத்திலிருந்து பெயரை ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். வந்தால் உடனே ஒரு துண்டு. இரண்டு நிமிடம் போதும், அதற்கு மேல் அதற்குச் சலிக்கும். நாலைந்து நாளில் இஸ்தோப்பிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள், பிறகு அடுப்படியிலிருந்து. வீட்டில் எல்லோரும் ஒரே பெயரையே சொல்ல வேண்டும். ஒருவர் குட்டி, ஒருவர் மீனு, ஒருவர் சனியனே என்று கூப்பிட்டால் எந்தப் பிராணியும் குழம்பும். குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள், போய்த் தூக்கிக்கொண்டு வாருங்கள். கூப்பிட்டதும் வந்த பூனையை ஒருமுறை அடித்தால் ஒரு மாத உழைப்பு போய்விடும்.

மகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கருவாட்டுத் துண்டைப் போட்டு, மூடியில் மணம் வர இரண்டு ஓட்டை குத்தி, முதலில் நாய்க்கும் பிறகு பூனைக்கும் தனித்தனியாக வையுங்கள். யாரும் பேசக் கூடாது. எத்தனை தடவை திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது, எத்தனை விதமாகத் திறக்க முயல்கிறது என்று மகள் கொப்பியில் எழுதட்டும். இரண்டு நிமிடம் ஆனதும் டப்பாவைத் திறந்து கொடுத்துவிடுங்கள், ஏமாற்ற வேண்டாம். உங்கள் பிராணிகள் நான் சொன்னதற்கு மாறாகவும் நடக்கலாம். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளே குணத்தில் வேறுபடும்.

நாயைப் பற்றியும் ஒன்று. எதற்கும் உங்கள் முகத்தைப் பார்க்கிற பிராணி, நீங்கள் எல்லோரும் மலைக்குப் போனதும் தனியாகத் தவிக்கும். காலையில் பிரட்டுக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் அதனோடு செலவழியுங்கள். இரவில் வெளியே கட்டிப்போடாதீர்கள், உங்கள் பக்கத்துத் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, கட்டிய நாயால் ஓடவும் முடியாது. விசர்நாய்க்கடித் தடுப்பூசியை நாய்க்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்துகிற வீடுகள் அதிகம். பூனைக்கும் அந்த நோய் வரும், பூனை கடித்தும் மனிதருக்கு வரும். அடுத்த முறை இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பூனையைச் சாக்கில் கட்டாமல், காற்றோட்டமுள்ள ஒரு கூடையில் பழைய துணி போட்டுக் கொண்டுபோங்கள்.