பூட்டிக்கொள்ளும் பின்னங்கால்: முட்டித் தசைநாரை வெட்டும் முன் குளம்பைப் பாருங்கள்

கேள்வி: என் பெண் குதிரைக்கு மூன்று வயது. காலையில் லாயத்திலிருந்து வெளியே கொண்டுவரும்போது இடது பின்னங்கால் விறைத்துப் பின்னாலேயே நின்றுவிடுகிறது. குளம்பு நுனியை இழுத்துக்கொண்டே சில அடி வந்ததும் ‘டக்’கென்று விட்டுவிடுகிறது. முட்டியில் வீக்கம் இல்லை. ஓய்வு கிடைக்கட்டும் என்று ஒரு மாதமாகக் கட்டியே வைத்திருக்கிறேன், இப்போது தினமும் வருகிறது. விற்ற தரகர், ‘முட்டியில் ஒரு நாரை வெட்டினால் இரண்டே நிமிடத்தில் சரியாகிவிடும்’ என்கிறார். வெட்டலாமா? சும்மாதான் நிற்கிறது, சினைக்காவது விடலாமா?

பதில்: இப்போதைக்கு வெட்ட வேண்டாம். கட்டிப்போட்ட பிறகு ஏன் அதிகமானது என்றுதான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

குதிரை நின்றபடியே அசந்து ஓய்வெடுப்பது இந்த முட்டியை வைத்துத்தான். முட்டிச் சில்லின் மூன்று தசைநார்களில் உள்பக்கத்து நார், தொடை எலும்பின் உள்முகட்டில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். கிளம்பும்போது தொடைத் தசை சில்லைச் சற்றுத் தூக்கி வெளிப்பக்கம் நகர்த்தி அதைக் கழற்ற வேண்டும். வளரும் வயதில் தசை மெலிந்திருந்தால் அந்த வலு இருக்காது, பின்னங்கால் நிமிர்ந்த அமைப்பாக இருந்தால் இன்னும் சிரமம். இருந்த கொஞ்சத் தசையையும் ஒரு மாதக் கட்டு கரைத்துவிட்டது. கட்டை அவிழ்த்து, பகலும் இரவும் திறந்தவெளியில் விடுங்கள்.

அடுத்து குளம்பு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். முன்னங்காலுக்கு அவ்வளவு மெனக்கெடுகிற லாடக்காரர்கள், பின்னங்காலுக்கு நாலு இழுப்பு அரம் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நுனி நீண்டால் குளம்பு தரையைவிட்டு எழும்பத் தாமதமாகும். கால் அவ்வளவு நேரம் கூடுதலாகப் பின்னால் நீண்டிருக்கும், நார் மாட்டிக்கொள்வதும் அந்த நிலையில்தான். இழுபட்டு நுனி தேய்ந்திருப்பதைப் பார்த்து ‘குட்டையாகத்தானே இருக்கிறது’ என்று ஏமாறாதீர்கள். சமதரையில் நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: நுனி முன்னால் ஓடி, குதிகால் பக்கம் தாழ்ந்து கிடக்கிறதா? பிறகு பின்னாலிருந்து பாருங்கள்: உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே உயரமா? லாடக்காரரிடம் நுனியைக் குறைத்து, முனையை உருண்டையாக அராவிவிடச் சொல்லுங்கள். ஒரே நாளில் வெட்டித் தள்ளாமல், நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தால் போதும். அவர் சீவும்போது கூடவே நில்லுங்கள்.

பயிற்சியைத் தினமும் நேர்கோட்டில் நடையாகத் தொடங்குங்கள். அப்புறம் மேட்டில் ஏற்றி நடத்தலாம், தரையில் கட்டைகளைப் போட்டுத் தாண்டி நடக்க வைக்கலாம். கயிறு பிடித்துச் சின்ன வட்டத்தில் சுற்றவிடுவதும் சேற்றில் ஓட்டுவதும் கூடாது. பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம். உடம்பு இளைத்திருந்தால் பல்லையும் குடற்புழுவையும் கவனித்துவிட்டுத் தீனியைக் கூட்டுங்கள். மூட்டுப் பொடி என்று டப்பாவில் விற்பதை வாங்காதீர்கள், எந்தப் பொடியும் தொடைக்குத் தசை போடாது. கால் மாட்டிக்கொண்டால் முன்னால் இழுக்காமல், தலைக்கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி ஓரிரு அடி நடத்துங்கள். பின்னால் மட்டும் நிற்காதீர்கள், விடுபடும் வேகத்தில் உதை விழும்.

அறுவையை நான் அடியோடு மறுக்கவில்லை. மணிக்கணக்கில் விடுபடாமல் நின்றாலோ, இத்தனையும் மாதக்கணக்கில் செய்தும் பலனில்லை என்றாலோ அதைப் பற்றிப் பேசலாம். வெட்டுவது சின்ன வேலைதான், ஆனால் அந்த நார்தான் சில்லை நிலையாகப் பிடித்து வைத்திருக்கிறது. அது போனபின் சீக்கிரமே வேலை வாங்கினால் சில்லின் கீழ்முனை உடைந்து சிதறலாம், குருத்தெலும்பு கெடலாம். அதனால் அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும், அதைத் தரகர் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். நாரை முழுதாக வெட்டாமல், நுண்ணிய கீறல்களால் பிளந்து தடிக்க வைக்கும் முறையும் உண்டு. எதுவானாலும் முதலில் கால்நடை மருத்துவரிடம் முட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் வீக்கமோ வலியோ வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.

நடத்திச் சூடேற்றிய குதிரையில் இந்தக் குறை அநேகமாகத் தெரியாது, தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடுத்த முறை குதிரை வாங்கும்போது விடிகாலையில் சொல்லாமல் போய், லாயத்தை விட்டு அது வைக்கும் முதல் பத்து அடியைப் பாருங்கள்.

சினைக்கு விடாதீர்கள். நிமிர்ந்த கால் அமைப்பு குட்டிக்கும் வரக்கூடியது, அந்தக் குட்டியும் பிறகு இன்னொரு தரகர் கைக்குத்தான் போகும்.