என்6 போதுமா, என்8 வேண்டுமா? வாசகர் கேள்வி–பதில்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரிக்குத் தினமும் போய்வர வேண்டும். ஹூண்டாய் ஐ20 என் லைன்தான் என்பது முடிவாகிவிட்டது. அதில் கீழ் வேரியண்டான என்6 எடுப்பதா, டாப் வேரியண்டான என்8 எடுப்பதா? "வித்தியாசம் கொஞ்சம்தான் சார், டாப் மாடலே எடுத்துடுங்க" என்கிறார்கள் ஷோரூமில். மேனுவலா, டிசிடியா (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) என்பதையும் சொல்லுங்கள்.
– வாசகர், கிழக்குத் தாம்பரம்

பானெட்டுக்குக் கீழே இரண்டும் ஒன்றுதான். 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 120 பிஎஸ் சக்தி. 1,500 முதல் 4,000 ஆர்பிஎம் வரை 172 என்எம் டார்க். சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 195/55 ஆர்16 டயர் எல்லாம் என்6-லேயே வந்துவிடுகின்றன. 2023 செப்டம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு ஆறு ஏர்பேக்கும் இஎஸ்சியும்கூட (வண்டி வழுக்காமல் நிலைநிறுத்தும் அமைப்பு) இரண்டிலும் உண்டு. என்8-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் 10.25 இன்ச் திரை, ப்ளூலிங்க் (காரை போனோடு இணைக்கும் ஹூண்டாய் சேவை), போஸ் ஸ்பீக்கர் பக்கம்தான் போகிறது. என்6-ல் இருப்பது 8 இன்ச் திரை.

வேரியண்ட் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் பிறகு போட்டுக்கொள்ள முடியுமா? ஏர்பேக், இஎஸ்சி, பின் டிஸ்க், கியர்பாக்ஸ், தொழிற்சாலையிலேயே பொருத்திய ஹெட்லைட் இவையெல்லாம் பிறகு முடியாது. ஸ்பீக்கர், கேமரா, டயர் பிரஷர் சென்சார், வயர்லெஸ் சார்ஜர் எல்லாம் முடியும். என்8-ல் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. ஸ்பீக்கர் மாற்றும்போது ஒரிஜினல் வயரை வெட்டாமல் கப்ளரிலேயே சொருகும் செட்டாகக் கேட்டு வாங்குங்கள். வயரை வெட்டி டேப் சுற்றினால், பின்னால் வரும் எந்த எலெக்ட்ரிகல் கோளாறுக்கும் வாரன்ட்டி மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

"வித்தியாசம் கொஞ்சம்தான்" என்பது எக்ஸ்-ஷோரூம் கணக்கு, அதாவது சாலை வரியும் காப்பீடும் சேராத விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் சாலை வரி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18. தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் 18. எடுத்துக்காட்டாக, 9.80 லட்சம் காருக்கு வரி 1,27,400 ரூபாய், 10.40 லட்சம் காருக்கு 1,87,200. விலையில் 60,000 வித்தியாசம், சாலைக்கு வரும்போது 1.2 லட்சத்தை ஒட்டிவிடுகிறது. இதற்கு மேல் 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள்; அது வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும், ஆனாலும் கார் எடுக்கும் அன்று கையிலிருந்து போவது போவதுதான். ஆகவே நான்கு விலைகளையும் (என்6, என்8, மேனுவல், டிசிடி) அன்றைய தேதியில் எழுதி வாங்கி, எது 10 லட்சத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். ஷோரூம்காரரிடம் 'ஆன்-ரோடு' மொத்தம் கேட்காதீர்கள். வரி, காப்பீடு, ஆக்சஸரீஸ் என்று வரிவரியாகப் பிரித்துக் கேளுங்கள். ஆக்சஸரீஸ் பேக்கேஜ் கட்டாயம் அல்ல.

இனி கியர்பாக்ஸ். உங்கள் வழித்தடத்துக்கு, வேரியண்டைவிட இதுதான் முக்கியமான முடிவு. இந்த 7-ஸ்பீடு டிசிடி 'டிரை கிளட்ச்' வகை. அதாவது கிளட்ச் தட்டுகளைக் குளிர்விக்க எண்ணெய் கிடையாது, காற்றுதான். மேடவாக்கம் நெரிசலில் நடை வேகத்தில் ஊர்ந்தால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் பாதி வழுக்கலிலேயே ஓடும். சூடு அங்கேதான் ஏறுகிறது. முதலில் ஒன்றிலிருந்து இரண்டாம் கியர் மாறும்போது உதறல் தெரியும். பிறகு டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூட்டு எச்சரிக்கை வரும். வந்துவிட்டால் ஓரம் கட்டி, 'பி'-யில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் எச்சரிக்கை போகும்வரை நிற்க வேண்டும்.

வராமல் பார்த்துக்கொள்ளும் வழி எளிது. முன் வண்டி இரண்டடி நகர்ந்ததும் நாமும் நகராமல், ஒரு கார் நீளம் இடைவெளி விழட்டும்; பிறகு ஒரே மூச்சாக நகர்ந்து நிறுத்துங்கள். மேம்பாலச் சரிவில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது, பிரேக்தான். சிக்னலில் ஒவ்வொரு முறையும் நியூட்ரலுக்கு ('என்') மாற்ற வேண்டியதில்லை. பிரேக்கை முழுதாக மிதித்து நிற்கும்போது கிளட்ச் விலகித்தான் இருக்கும். அரைகுறையாக மிதித்து ஊர்வதுதான் கெடுதல்.

பாதி தூரத்துக்கு மேல் ஊர்வதுதான் உங்கள் அன்றாடம் என்றால் எங்கள் ஓட்டு என்6 மேனுவலுக்கு. இடது முழங்கால் ஒத்துழைக்காது என்றால் என்6 டிசிடி. என்8 என்பது பாட்டுப் பிரியர்களுக்கு. அதிலும் தப்பில்லை, எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை காலியான சாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். வேலை நாள் மாலை 6 மணிக்குக் கேளுங்கள். பின் சீட்டில் இருவரை ஏற்றி ஸ்பீடு பிரேக்கர்களில் ஓட்டுங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் ரிவர்ஸில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். டிசிடி தடுமாறும் இடம் அதுதான். மாலையில் எடுத்தால் ஹெட்லைட் வெளிச்சமும் தெரிந்துவிடும்.

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸில் ஜிடி லைன், ஜிடி பிளஸ் ஸ்போர்ட் என்று இரண்டு இருக்கின்றன. பெயரில் 'ஜிடி' இருப்பதால் இன்ஜின் ஒன்றுதானே? விலை ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறது? வாரம் ஒருமுறை குடும்பத்தோடு ஏற்காடு போவோம். சிவப்பு காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகம்) உள்ளதில் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்கிறார் நண்பர்.
– வாசகர், சேலம்

இன்ஜின் ஒன்றல்ல. 2024 அக்டோபரில் வந்த இந்த இரண்டில், ஜிடி லைனில் இருப்பது மூன்று சிலிண்டர் 1.0 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்): 115 பிஎஸ், 178 என்எம். ஜிடி பிளஸ் ஸ்போர்ட்டில் நான்கு சிலிண்டர் 1.5 டிஎஸ்ஐ: 150 பிஎஸ், 250 என்எம். ஜிடி லைன் என்பது 1.0 காருக்குக் கறுப்பு அலங்காரம் செய்தது. தோற்றம் பிடித்திருந்தால் வாங்கலாம்; வேகத்தை எதிர்பார்த்து வாங்கக் கூடாது.

ஆனால் 1.0-ஐ ஒதுக்கிவிடவும் வேண்டாம். அதன் 6-ஸ்பீடு ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை. விசையை எண்ணெய் வழியாகக் கடத்துவதால் எவ்வளவு ஊர்ந்தாலும் உராய்ந்து தேய கிளட்ச் கிடையாது. 1.5-க்கு வருவது 7-ஸ்பீடு டிஎஸ்ஜி, ஃபோக்ஸ்வாகனின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். அதுவும் டிரை கிளட்ச்தான். மேலே தாம்பரம் வாசகருக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். ஆறு நாளும் ஊருக்குள் நெரிசல் என்றால் 1.0 ஆட்டோமேட்டிக்கே நிம்மதி. அதையும் ஜிடி வேஷத்துக்குக் காசு கொடுக்காமல் ஹைலைன் வேரியண்டிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கணக்கில் ஏற்காடு இருப்பதால் தராசு 1.5 பக்கம் சாய்கிறது. சேலம் பக்கத்திலிருந்து ஏறினால் 20 ஹேர்பின் (கொண்டை ஊசி) வளைவுகள். நாலு பேரும் பைகளுமாக இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து ஆர்பிஎம் 1,500-க்குக் கீழே விழுந்தால், டர்போ அழுத்தம் ஏறும்வரை 1.0 ஒரு நொடி யோசிக்கும். முதல் கியருக்கு இறங்க வேண்டிவரும். 1.5 அந்த இடத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் தேர்வு 1.5 மேனுவல். காப்பீட்டில் மட்டும் சிறு வித்தியாசம்: 2022-ல் அறிவித்த கட்டணப்படி, புதிய காருக்கான மூன்று வருட மூன்றாம் நபர் பிரீமியம் 1,000 சிசி வரை 6,521 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 10,640.

சிவப்பு காலிப்பர் என்பது பெயின்ட். நிறத்துக்கும் பிடிப்புக்கும் சம்பந்தமில்லை. பின்சக்கரங்களில் இரண்டு வேரியண்டிலும் டிரம் பிரேக்தான். அதனால் பயப்படவும் வேண்டாம். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளுடையது. மலை இறக்கத்தில் பிரேக் கைவிடுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று, உயர் கியரில் இறங்கிக்கொண்டே பிரேக்கில் காலை வைத்தபடி வருவது. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதுவே; டிஎஸ்ஜியில் மேனுவல் மோடில் இரண்டாம் கியரைப் பிடித்துவையுங்கள். இரண்டு, பழைய பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே ஆயிலுக்கு அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் சேரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வாரா வாரம் மலை ஏறுகிறவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

குடும்பத்தோடு போகிறீர்கள் என்பதால் இன்னொன்று: 2023-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் விர்ட்டஸ் பெரியவர்கள், குழந்தைகள் இரு பிரிவிலும் 5 நட்சத்திரம் வாங்கியது. 2022-ல் இரண்டு ஏர்பேக்கோடு சோதித்த சாதாரண ஐ20-க்கு இரண்டிலும் 3. இது எந்த வேரியண்ட் பட்டியலிலும் வராத வித்தியாசம்.

என்6 எடுத்து, மிச்சமாகும் பணத்தில் 17 இன்ச் அலாய் வீலும் ஸ்டேஜ் 1 ரீமேப்பும் (சக்தி கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றுவது) செய்துவிட்டால் என்8-ஐ விட நல்ல வண்டி ஆகிவிடாதா?
– வாசகர், கோவை

அலாயைப் பற்றி முதலில். 195/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. 17 இன்ச்சில் 205/45 போட்டால் 616. ஸ்பீடோமீட்டருக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பக்கச்சுவர் 107 மி.மீ.யிலிருந்து 92 ஆகிவிடும். ஏற்கெனவே சஸ்பென்ஷன் இறுக்கமான வண்டி இது. குழியில் விழும் அடியை வாங்கிக்கொள்வது அந்த 15 மி.மீ. ரப்பர்தான். அது போனால் டயரில் வீக்கம், அலாயில் விரிசல், ஸ்டியரிங் நடுக்கம் என்று வரிசையாக வரும். அதே பணத்தில் 16 இன்ச்சிலேயே நல்ல பிடிமானமுள்ள நான்கு டயர் வாங்குங்கள். வித்தியாசம் முதல் மழையிலேயே தெரியும். வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. லோட் இன்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழைய டயருக்குக் குறையக் கூடாது.

ரீமேப்புக்கு எங்கள் பதில், வாரன்ட்டி முடியும்வரை வேண்டாம். திரும்ப ஒரிஜினல் சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டால் தெரியாது என்பார்கள். இசியுவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பதிவாகலாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் மாற்றம் கண்ட காருக்கு 'டிடி1' என்ற குறியீடே உண்டு. அது விழுந்தால் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரன்ட்டியை மறந்துவிட வேண்டியதுதான். விர்ட்டஸ் 1.5 டிஎஸ்ஜி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை. அந்த கியர்பாக்ஸின் தாங்கும் அளவு 250 என்எம். இன்ஜின் கொடுப்பதும் 250. மிச்சம் வைக்காத இடத்தில் மேலே ஏற்றினால் முதலில் போவது கிளட்ச். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்மிலும் சிக்கலாகும்.

ரீமேப் இல்லாமலே சின்ன டர்போ இன்ஜின்களைக் கெடுக்கும் ஒரு பழக்கம் உண்டு: ஐந்தாம் கியரில் 1,400 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிப்பது. ப்ளக் பொறி விடும் முன்பே கலவை தானாகப் பற்றி, பிஸ்டனின் ரிங் விளிம்பை உடைத்துவிடக்கூடும். இரண்டு கியர் இறக்கிவிட்டு மிதியுங்கள். இன்ஜின் ஆயில் ஏபிஐ 'எஸ்பி' தரத்தில் (டப்பாவிலேயே எழுதியிருக்கும்) இருந்தால் இந்த ஆபத்து குறையும். தடிமனைக் கையேட்டில் உள்ளபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

என் லைன் உள்ளே முழுக்கக் கறுப்பு. நம்ம ஊர் வெயிலுக்கு என்8 எடுத்தால் தேவலாமா?
– வாசகர், வேலூர்

இரண்டிலும் அதே கறுப்புதான். வெளியே வெள்ளை நிறம் எடுங்கள். ஏறியதும் ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி ஓட்டிவிட்டு ஏசி போடுங்கள்.

புது என்6 விலைக்குக் குறைவாக 2022 என்8 ஐஎம்டி ஒன்று வருகிறது. டாப் மாடல், நல்ல கண்டிஷன். எடுக்கலாமா?
– வாசகர், மதுரை

ஐஎம்டி என்றால் கியர் லீவர் உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. லீவரில் கை வைத்ததை சென்சார் உணர்ந்து, ஹைட்ராலிக் அமைப்பு கிளட்சை விலக்கும். 2023-ல் ஹூண்டாய் இதை நிறுத்திவிட்டு சாதாரண 6-ஸ்பீடு மேனுவலைக் கொண்டுவந்தது. கிளட்ச் தேய்ந்தால் தட்டு மட்டும் மாற்றி முடியாது, அதை இயக்கும் அமைப்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். எல்லா மெக்கானிக்குக்கும் இது பழக்கமில்லை.

பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சரிவில் நிறுத்தி, முதல் கியரில் மூன்று முறை நகர்த்துங்கள். உதறலோ கருகல் வாடையோ வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கியரில் திடீரென மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. நான்கு டயரின் தேதியையும் ஒப்பிடுங்கள். முன் இரண்டு மட்டும் புதிது என்றால் வண்டி வேகமாக ஓட்டப்பட்டிருக்கலாம். ஏர்பேக் எத்தனை என்று விற்பவர் வாயால் கேட்காமல் பில்லர்களிலும் சீட் ஓரத்திலும் உள்ள குறியைப் பார்த்து எண்ணுங்கள். 2023-க்கு முன் எல்லா வேரியண்டிலும் ஆறு என்பது உறுதியில்லை. சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஹூண்டாய் சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் வரலாற்றையும், எக்ஸ்டென்டட் வாரன்ட்டி இருந்தால் பெயர் மாறுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இத்தனையும் சரியாக இருந்து, புது என்6-ன் ஆன்-ரோடு விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் படிந்தால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.