செவ்வாய்க்காரர்களும் பபிள்கம் கறையும்: பழைய அட்டைகள் வாங்குவோருக்குச் சில விளக்கங்கள்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் 1962ஆம் ஆண்டு புரூக்ளினில் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, பபிள்கம் பொட்டலத்துடன் வந்த ‘மார்ஸ் அட்டாக்ஸ்’ அட்டைகளைச் சேர்த்தவர். வீடு மாறியபோது அவருடைய தாயார் பெட்டியோடு குப்பையில் போட்டுவிட்டாராம். பிஸ்கட் டின் ஒன்றில் இரண்டு அட்டைகள் மட்டும் தப்பியிருக்கின்றன: பின்புறம் பபிள்கம் கறை படிந்த 36ஆம் எண்ணும், எல்லா அட்டைகளின் எண்களும் அச்சான, பென்சிலால் டிக் போட்ட பட்டியல் அட்டையும். அவருடைய பிறந்தநாளுக்கு முழுத் தொகுப்பையும் வாங்கித் தர விரும்புகிறேன். இணையத்தில் 55 அட்டைகளும் சேர்த்து 40 டாலருக்கு ஓரிடத்தில் கிடைக்கின்றன. வேறோரிடத்தில் ஒரே அட்டைக்கு அதைவிடப் பன்மடங்கு விலை சொல்கிறார்கள். எதை நம்புவது? அவரிடமுள்ள கறையையும் பென்சில் குறிகளையும் நீக்கித் தரலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில்தான் அவசரப்பட்டுக் கை வைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. இரண்டையும் நீக்காதீர்கள்.

அந்தக் காலத்துப் பொட்டலம் மெழுகு பூசிய காகிதத்தால் ஆனது. அதைச் சூடு காட்டி ஒட்டும்போது மெழுகு இளகி, அருகிலிருந்த அட்டையின் மேல் படிந்துவிடும். மறுபக்கம், மாவுச் சர்க்கரை தூவிய தட்டையான பபிள்கம் துண்டு ஓர் அட்டையோடு ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கடை அலமாரியில் கிடக்கும். முன்புறத்து மெழுகை நைலான் காலுறைத் துணியால் மெல்லத் துடைத்து எடுப்பவர்கள் உண்டு. படம் அச்சான பக்கம் வழுவழுப்பாக இருப்பதால் அது ஓரளவு பலிக்கும். பின்புறம் அப்படியல்ல. பூச்சு இல்லாத தாள் என்பதால் பபிள்கத்தின் எண்ணெய்ப் பசையும் சர்க்கரைப் பாகும் இழைகளுக்குள் இறங்கிவிடுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன்பு, இத்தொழிலுக்கு நான் புதியவனாக இருந்த நாளில், 1964ஆம் ஆண்டின் ‘அவுட்டர் லிமிட்ஸ்’ அட்டை ஒன்றின் பின்புறக் கறையை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்க முயன்றேன். கறை கால் பங்கு மங்கியது. ஆனால் தாள் ஊறிப் பூனை முடிபோல் இழை கிளம்பி, அந்த இடத்திலிருந்த நான்கு வரி எழுத்துகள் பஞ்சோடு வந்துவிட்டன. அந்த அட்டையை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், கை துறுதுறுக்கும்போது எடுத்துப் பார்ப்பதற்காக. பென்சில் குறியை அழித்தாலும் அதன் பள்ளம் தாளில் நிற்கும்; அட்டையின் நிலையைப் பார்த்துத் தரம் பிரிப்பவர் சாய்வான வெளிச்சத்தில் அதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

இனி, வாங்குவது பற்றி. இந்த வரிசையைத் தயாரித்தது புரூக்ளினில் இயங்கிய டாப்ஸ் நிறுவனம். பசூக்கா பபிள்கம் செய்த அதே நிறுவனந்தான். வன்முறை மிகுந்த சரக்கு என்பது அவர்களுக்கே தெரிந்திருந்ததால், தம் பெயரை மறைத்து ‘பபிள்ஸ் இன்க்’ என்னும் பெயரில் பொட்டலம் 5 சென்ட்டுக்கு வெளியிட்டார்கள். லென் பிரவுனும் வூடி கெல்மனும் கதையை உருவாக்க, வாலி வுட்டும் பாப் பவலும் கோட்டோவியங்களை வரைய, மலிவு விலை இதழ்களின் அட்டைப்படங்களுக்குப் பேர்போன நார்மன் சாண்டர்ஸ் வண்ணம் தீட்டினார். செவ்வாய்க்காரர்கள் பூமியின்மேல் படையெடுப்பதில் தொடங்கி, ராட்சதப் பூச்சிகளின் அட்டகாசம் வழியாகச் சென்று, செவ்வாய் வெடித்துச் சிதறும் 54ஆவது அட்டையில் கதை முடிகிறது. 55ஆவதுதான் பட்டியல். விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றி வந்ததும் கியூபா ஏவுகணை நெருக்கடி மூண்டதும் அதே 1962இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், பள்ளி செல்லும் பிள்ளைகளை இந்த அட்டைகள் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டன என்பது விளங்கும். பெற்றோர் கொதித்தார்கள். குறிப்பாக உங்கள் பெரியவரிடம் இருக்கும் 36ஆம் எண், ஒரு சிறுவனின் கண்ணெதிரே அவனுடைய நாயைக் கதிர்த் துப்பாக்கியால் எரிக்கும் படம், மிகுந்த கண்டனத்துக்கு உள்ளானது. டாப்ஸ் 13 படங்களைச் சற்று மென்மையாகத் திருத்தி வரையச் செய்தது. ஆனால் அவை கடைக்கு வரும் முன்பே தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. குறைந்த காலமே விற்பனையில் இருந்ததும், கிடைத்தவற்றைத் தாய்மார்கள் தூக்கி எறிந்ததும் சேர்ந்துதான் இன்றைய விலையை ஏற்றியிருக்கின்றன.

ஆகவே 55 அசல் அட்டைகள் 40 டாலருக்குக் கிடைக்க வழியே இல்லை. நீங்கள் பார்த்தது மறுபதிப்பாகத்தான் இருக்கும். மறுபதிப்பு என்பதால் அது மோசடி ஆகிவிடாது. 1984இல் ஒரு மறுபதிப்பு வந்தது, 1994இல் டாப்ஸே பழைய படங்களை மீண்டும் அச்சிட்டது. விற்பவர் அதை மறைத்து அசல் என்று சொல்வதுதான் மோசடி. ஐயம் எழுந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பாருங்கள். படம் எந்தப் பதிப்பிலும் வண்ணப் புள்ளிகளால்தான் ஆகியிருக்கும். ஆனால் அசலில் கறுப்பு எழுத்துகள் முழுமையான கறுப்பாக, விளிம்பு சிதறாமல் அச்சாகியிருக்கும்; அசலைப் படமெடுத்து அச்சிட்ட போலியில் எழுத்தும் புள்ளிகளாக உடைந்து தெரியும். புற ஊதா விளக்கின்கீழ் பளீரென்று நீலமாக ஒளிரும் தாள் சந்தேகத்துக்குரியது. ஆயினும் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், உங்கள் பெரியவரின் அட்டைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அறுபது ஆண்டுகளாக ஒரே கையில் இருக்கும் இரண்டு அசல்களைவிட நல்ல அளவுகோல் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் இருக்கின்றனவா என்றும் அளந்துவிடுங்கள். மழுங்கிய மூலையைக் கூராக்க விளிம்பை நறுக்கிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

முழு அசல் தொகுப்பு ஆயிரக்கணக்கான டாலர் செலவு வைக்கும். அதிலும் முதல் அட்டையும் கடைசி அட்டையும் நல்ல நிலையில் கிடைப்பது அரிது, ஏனென்றால் பிள்ளைகள் அடுக்கைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடும்போது அது கடித்தது அந்த இரண்டின் விளிம்புகளைத்தான். டிக் போடாத பட்டியல் அட்டைக்குத் தனி விலை. தரம் பிரிக்கும் நிறுவனமான பி.எஸ்.ஏ., கறை இருந்தால் எஸ்டி என்றும் எழுத்துக் குறி இருந்தால் எம்கே என்றும் மதிப்பெண்ணோடு சேர்த்துப் போடுவதுண்டு. அந்த இரண்டு எழுத்துகளே விலையைப் பெரிதும் இறக்கிவிடும். முதலீடாக வாங்குபவருக்கு அது குறை. உங்களுக்கு அது வசதி. மூலை மழுங்கி, நடுவில் மடிப்பு விழுந்து, கறை படிந்த அசல்களைத் தேடி வாங்குங்கள். 1962இல் புரூக்ளின் பையன்களின் சட்டைப்பையில் இருந்த அட்டைகள் அந்த நிலையில்தான் இருந்தன. பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து முத்திரையிட்ட பளபளப்பான ஒன்றை அவர் கையில் கொடுத்தால், அதைத் தொடக்கூட முடியாது. முழுக் கதையையும் படித்துப் பார்க்க 40 டாலர் மறுபதிப்பை, மறுபதிப்பு என்று சொல்லியே, கூடவே கொடுக்கலாம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பாதுகாப்புக்கு அதிகம் செலவிட வேண்டாம். ஒவ்வோர் அட்டையையும் பாலிபுரொப்பிலின் உறையில் இட்டு, அதைக் கெட்டியான உறைக்குள் செருகிவிட்டால் போதும். வளையும் பி.வி.சி. தாள்கள் கொண்ட பழைய ஆல்பங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றிலிருந்து கசியும் பிசுக்கு மையைப் பாழாக்கும். வெயில் படும் சுவரில் சட்டமிட்டு மாட்டினால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும்.

எந்த எண்களை வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதற்கான விடை உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. நீங்கள் அழிக்க நினைத்த அந்தப் பென்சில் குறிகளை ஒரு தாளில் படியெடுத்துக்கொள்ளுங்கள். தப்பியவை நீங்கலாக, டிக் போட்ட எண்கள் தாயார் தூக்கி எறிந்தவை. டிக் விழாத எண்கள், எத்தனை 5 சென்ட் செலவழித்தும் அந்தப் பையனுக்குக் கடைசிவரை கிடைக்காதவை. என்னைக் கேட்டால், டிக் விழாத எண்களிலிருந்து தொடங்குங்கள். பிறந்தநாளன்று அட்டைகளோடு ஒரு பென்சிலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.