ஆப் டெஸ்ட் பண்ண நிஜ போன் வேணுமா? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஆண்ட்ராய்டு ஆப் எழுதக் கத்துக்கிட்டிருக்கேன். கம்ப்யூட்டர்லயே போன் மாதிரி ஓடுற எமுலேட்டர் மட்டும் போதுமா?

பதில்: எழுதுற வரைக்கும் தாராளமாப் போதும். ஜிபிஎஸ் இடத்தை மாத்தலாம், நெட் வேகத்தைக் குறைக்கலாம், பேட்டரி அளவைக்கூட நீங்களே வைக்கலாம். ஆனா அடுத்தவங்க கையில கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிஜ போன்லயாவது ஓட்டிப் பாத்துடுங்க தம்பி.

கேள்வி: மேக் கம்ப்யூட்டர்ல ஐபோன் மாதிரி ஓடுற சிமுலேட்டர்ல லோகோ தெரியுது, ஐபோன்ல அந்த இடம் காலியா இருக்கு. ஏன் சார்?

பதில்: ஃபைல் பேரைப் பாருங்க. நீங்க எழுதின ப்ரோகிராம்ல சின்ன எழுத்துலயும் ஃபைல்ல பெரிய எழுத்துலயும் ஆரம்பிக்குதா? மேக் வழக்கமா அந்த வித்தியாசம் பாக்காது, ஐபோன் பாக்கும். சிமுலேட்டர் உங்க ஆப்பை மேக்கோட ப்ராசஸர்லயும் மெமரியிலயும்தான் ஓட்டுது. அதனால அதோட வேகத்தையும் நம்பாதீங்க.

கேள்வி: என்னோட நினைவூட்டல் ஆப் எமுலேட்டர்ல டாண்ணு அடிக்குது. யூசர்ங்க போன்ல ராத்திரியில வரவே மாட்டேங்குது.

பதில்: இது பலரை அலைக்கழிக்கிற விஷயம், கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 2015-ல வந்த ஆண்ட்ராய்டு 6.0-லேருந்து டோஸ்னு ஒரு ஏற்பாடு இருக்கு. சார்ஜர் இல்லாம, திரை அணைஞ்சு, போன் அசையாம ரொம்ப நேரம் கிடந்தா, சாதாரண அலாரத்தை எல்லாம் தள்ளிப் போட்டுடும். நாம டெஸ்ட் பண்ற போன் எப்பவும் யூஎஸ்பி கேபிள்ல தொங்குது. அதாவது சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கு. அப்புறம் டோஸ் எப்படி வரும்? ஏடிபி (கம்ப்யூட்டர்லேருந்து போனுக்கோ எமுலேட்டருக்கோ கட்டளை அனுப்புற கருவி) வழியா கட்டளை குடுத்து எமுலேட்டர்லயே டோஸை வரவழைக்கலாம், அதை முதல்ல செய்யுங்க. ஆனா பல கம்பெனிங்க இதுக்கு மேல சொந்தமா ஒரு பேட்டரி சேமிப்பு வெச்சிருக்காங்க. அது எமுலேட்டர்ல கிடையாது. ரெண்டு மூணு பிராண்டு போனை இரவல் வாங்கி, கேபிளைக் கழட்டி, ராத்திரி முழுக்க மேஜை மேல விட்டுட்டுக் காலைல பாருங்க.

கேள்வி: ஒரே ஒரு போன்தான் வாங்க முடியும். எது வாங்கட்டும்?

பதில்: ராம் கம்மியான பழைய போன். 60 ஹெர்ட்ஸ் திரையில ஒரு ஃபிரேமை, அதாவது திரையில ஒரு தடவை காட்டுற படத்தை, வரையக் கிடைக்கிறது சுமார் 16.7 மில்லிசெகண்ட், அங்க திக்காத ஸ்க்ரோல் மத்த போன்லயும் பெரும்பாலும் திக்காது. இன்னொண்ணு: ஒரு நீளமான ஃபார்மை நிரப்பிட்டு, கடைசியில போட்டோ எடுக்கக் கேமராவைத் திறங்க. மெமரி பத்தாம சிஸ்டம் உங்க ஆப்பை மூடிடலாம். திரும்பி வந்தா ஃபார்ம் காலி. அத்தனையும் தட்டச்சு பண்ணவங்க நிலைமையை நெனச்சுப் பாருங்க.

கேள்வி: கூகுளோட ஃபயர்பேஸ் டெஸ்ட் லேப் மாதிரி, இன்டர்நெட் வழியா ஆப்பை ஓட்டிப் பாக்கக் கிளவுட்ல இருக்கற போன்கள் உதவுமா?

பதில்: எந்த மாடல்ல கிராஷ் ஆகுதுன்னு கண்டுபிடிக்க ரொம்ப நல்லது. கட்டைவிரலுக்குப் பட்டன் எட்டுதா, வெயில்ல எழுத்து தெரியுதான்னு அது சொல்லாது.

கேள்வி: மேக் இருக்கு, ஐபோன் இல்ல. ஆப் ஸ்டோர்ல போடலாமா அண்ணா?

பதில்: போடத் தடையில்ல. ஆனா சிமுலேட்டர்ல ப்ளூடூத் வேலை செய்யாது. வெளியிடறதுக்கு முன்னாடி ஆப்பை மத்தவங்க ஓட்டிப் பாக்க ஆப்பிள் குடுக்குற டெஸ்ட்ஃப்ளைட் வழியா ஐபோன் வெச்சிருக்கற ரெண்டு நண்பர்களுக்கு அனுப்பி, அவங்க ஓட்டும்போது ஸ்க்ரீனை ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லுங்க.