ஐந்து நிமிடம் போதாது

கேள்வி: டென்வரிலிருந்து யெல்லோஸ்டோனுக்குக் காரில் போகிறோம். 10, 13 வயதில் இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் உடன் வருகிறார். 'வரலாற்றுச் சின்னம்' என்று பலகை கண்ட இடமெல்லாம் என் கணவர் வண்டியை நிறுத்திவிடுவார். இறங்கினால் ஒரு பாறை, நாலு வரி, ஒரே காற்று. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் கூகுளில் பார்த்துக்கொள்ளக் கூடாதா? (ஒரு வாசகி, டென்வர்)

பதில்: கூடாது. பிள்ளைகள் மீது பழியைப் போடவும் கூடாது. கதை சொல்லாமல் இறக்கிவிட்டு, ஒரு படம் எடுத்து, ஐந்து நிமிடத்தில் "ஏறு, ஏறு" என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்?

ஐ-25 சாலையில் வடக்கே போய், வயோமிங்கில் குர்ன்சி ஊருக்குப் போகும் சாலையில் கிழக்கே திரும்புங்கள். ஊருக்குத் தெற்கே ஆற்றங்கரை மேட்டில், 19-ஆம் நூற்றாண்டில் மேற்கே குடியேறப் போனவர்களின் வழியான ஆரெகன் பாதையின் வண்டித்தடம் இருக்கிறது. ஆற்றை ஒட்டி வண்டி போக வழியில்லாததால், இந்தக் கரையோடு வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரே மேட்டின் மீதுதான் ஏறியாக வேண்டும். மணற்பாறை, சக்கரமும் குளம்பும் தேய்த்துத் தேய்த்து சில இடங்களில் ஐந்தடி ஆழம். அங்கே உங்கள் சின்னப் பிள்ளையை உள்ளே நிற்கச் சொல்லுங்கள், தலைகூட வெளியே தெரியாமல் போகலாம். நான் போனபோது அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கைக்குக் கிடைத்த அந்தச் சொரசொரப்பு எந்தத் திரையிலும் வராது.

வண்டி இழுத்தவை பெரும்பாலும் எருதுகள். வண்டி நிறையச் சாமான், அதனால் பெண்களும் பிள்ளைகளும் பக்கத்தில் நடந்தார்கள்: ஏறக்குறைய 2,000 மைல், ஐந்து மாதம் போல. இதை உங்கள் மாமனார் சொன்னால்தான் எடுபடும். மாட்டு வண்டித் தடம் எப்படி விழும், பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் எப்படித் திணறும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். அவரைப் பின்சீட்டில் தூங்க விடாதீர்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் லாரமி கோட்டை. (லாரமி என்று தனியாக ஒரு நகரம் வேறு திசையில் இருக்கிறது. ஜிபிஎஸ்ஸில் கவனம்.) தேசியப் பூங்காத் துறை பராமரிக்கும் இடம். 'ஜூனியர் ரேஞ்சர்' புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளையே விடை தேட விடுங்கள். முடித்தால் பேட்ஜ் கொடுப்பார்கள். ஆனால் பேட்ஜோடு கிளம்பிவிடாதீர்கள். 1868-இல் இங்கேதான் லகோட்டா உள்ளிட்ட சூ பூர்வகுடி மக்களோடு அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டது. பிளாக் ஹில்ஸ் மலைகள் அவர்களுக்கே என்று எழுதிக் கொடுத்தது. 1874-இல் அங்கே தங்கம் தென்பட்டது. 1877-இல் மலைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1980-இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று ஒப்புக்கொண்டு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. லகோட்டா மக்கள் இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை, மலையைத்தான் கேட்கிறார்கள். நாலு ஜனாதிபதிகளின் முகம் செதுக்கிய ரஷ்மோர் மலை அந்த மலைகளில்தான் இருக்கிறது. 13 வயதுப் பிள்ளைக்கு இது புரியும். கோபம்கூட வரும், வரட்டும்.

அப்புறம், காஸ்பர் நகரைத் தாண்டித் தென்மேற்கே இண்டிபெண்டன்ஸ் பாறை. பனிக்கு முன் மலைகளைக் கடக்க வேண்டுமென்றால் ஜூலை 4-க்குள் இங்கே வந்துவிட வேண்டும் என்பது வண்டிக்காரர்களின் கணக்கு. வந்து சேர்ந்தவர்கள் கருங்கல்லில் பெயரைச் செதுக்கினார்கள், சிலர் வண்டி மையால் எழுதினார்கள். வண்டி மை என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கும் தாத்தாவிடமே அனுப்புங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ட பலகைக்கெல்லாம் பிரேக் போட வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் இடம், அதிகம் போனால் இரண்டு. ஆனால் இறங்கினால் ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி ஓட்டல் அறையிலேயே கதையை ஆரம்பித்துவிடுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம், அந்த மேட்டில் நிழல் தேட வேண்டியிருக்கும்.