மணிக்கு நாலு நிமிடம் முந்தும் ஜனதா வாட்ச்

கேள்வி: அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுக்கிற வாட்ச். திடீரென்று மணிக்கு 4 நிமிடம் முந்துகிறது. கடையில் ரெகுலேட்டரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு நெம்பு) தள்ளிக் கொடுத்தார்கள், அப்படியும் சரியாகவில்லை. முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்யும் ஓவர்ஹால் வேண்டுமா?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: மணிக்கு 4 என்றால் ஒரு நாளைக்கு 96 நிமிடம். ரெகுலேட்டரால் சரிக்கட்ட முடிவது நாளைக்குச் சில நிமிடம்தான். கோளாறு ஹேர் ஸ்பிரிங்கில், அதாவது மயிரிழை போன்ற சுருள் ஸ்பிரிங்கில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ரெகுலேட்டரைத் தொட்டிருக்கவே கூடாது.

ஜனதாவின் பேலன்ஸ், அதாவது இப்படியும் அப்படியும் ஆடும் சக்கரம், மணிக்கு 18,000 தரம் அடிக்க வேண்டும், அதாவது நொடிக்கு 5. அந்தக் கணக்கைக் காப்பது ஹேர் ஸ்பிரிங்கின் நீளம். அதன் சுற்றுகளில் இரண்டு ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். குட்டையான ஸ்பிரிங் விறைப்பாக இழுக்கும், பேலன்ஸும் வேகமாகத் திரும்பும்.

திடீரென்று வந்த கோளாறு என்பதால் முதல் சந்தேகம் காந்தம். காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கர், டேப்லெட் உறை, கைப்பையின் காந்தப் பூட்டு எதுவானாலும் போதும். முள் வைத்த சாதாரண திசைகாட்டி ஒன்றின் அருகே, ஓடுகிற வாட்சைக் கொண்டுபோங்கள். செல்போன் திசைகாட்டி இதற்கு உதவாது. வாட்சின் இரும்புக்கே முள் லேசாகத் திரும்பும், அது கணக்கில்லை. பேலன்ஸின் ஆட்டத்தோடு சேர்ந்து முள் நடுங்கினாலோ, வாட்சைத் திருப்பும்போது விலகி ஓடினாலோ காந்தம் ஏறியிருக்கிறது. காந்தத்தை நீக்கும் கருவியான டீமேக்னடைசர் மேல் வாட்சை வைத்து, பட்டனை அழுத்தியபடியே மெதுவாக ஒரு முழம் தூக்கி, அதன் பிறகே பட்டனை விட வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் காந்தம் இன்னும் ஏறும்.

காந்தம் இல்லையென்றால் பின்மூடியைத் திறந்து லூப் (கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றுகள் எல்லாம் சம இடைவெளியில் விரிந்து சுருங்க வேண்டும். ஓரிடத்தில் ஒட்டி, மினுமினுப்பாகத் தெரிந்தால் அது எண்ணெய். பிரிக்காமல் மேலாக எண்ணெய் விட்ட வாட்சுகளில் இது சகஜம். பேலன்ஸைக் கழற்றி பென்சினில் அலசி, ஊதிக் காயவைத்தால் போய்விடும். ஸ்பிரிட்டில் ஊறப்போட விடாதீர்கள். பேலன்ஸோடு சேர்ந்த சிறு கல்லான ரோலர் கல்லைப் பிடித்திருப்பது அரக்கு, ஸ்பிரிட்டில் அது கரையும். கீழே விழுந்த வாட்ச் என்றால், ஒரு சுற்று தாவி ரெகுலேட்டர் ஊசியில் மாட்டியிருக்கலாம். அதை எடுப்பது கைதேர்ந்தவர் வேலை.

ஓவர்ஹால் வேறு கணக்கு. கடைசியாகச் செய்து 5 ஆண்டு தாண்டியிருந்தால் செய்துவிடுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கத்து உப்புக்காற்றும் வியர்வையும் சாவி வழியே இறங்கி, முதலில் சாவித் தண்டைத்தான் துரு பிடிக்க வைக்கும். பேலன்ஸ் முனைகளுக்கு மெல்லிய எண்ணெய் துளியிலும் துளி. பேலன்ஸைத் தள்ளிவிடும் கவையான பேலட்டின் அச்சு முனைகளுக்கு எண்ணெயே கூடாது. வேலை முடிந்ததும், வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் காட்டச் சொல்லுங்கள். முழுச் சாவி கொடுத்து டயல் மேலே பார்த்தபடி வைத்தால் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் ஆடும் வீச்சு) 270 டிகிரியை ஒட்டி வர வேண்டும். 220-க்குக் கீழே போனால் இன்னும் அழுக்கு இருக்கிறது, அல்லது சாவி கொடுத்தால் முறுக்கேறும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

ரெகுலேட்டரை இப்போதுதான் தொட வேண்டும். கடையில் ஏற்கெனவே வேகத்தைக் குறைக்கும் மைனஸ் பக்கம் தள்ளியிருப்பதால், ஒட்டல் நீங்கியதும் வாட்ச் பின்தங்கும். பயப்படாதீர்கள். கூராக்கிய பல்குச்சியால் மயிரிழை மயிரிழையாக நடுவை நோக்கிக் கொண்டுவரலாம். இரும்பு ட்வீசர் வழுக்கி ஹேர் ஸ்பிரிங்கைக் கோணலாக்கிவிடும். ஒவ்வொரு முறை நகர்த்திய பின்பும் 24 மணி நேரம் ஓடவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்துப் பாருங்கள். இந்த வயது ஜனதா நாளைக்கு 30 நொடிக்குள் நின்றால் நல்ல ஓட்டம்தான், மேலே நகர்த்த வேண்டியதில்லை.